ரஞ்சிக்குக் கொடுத்த அரிசி

ரூபன்,

அம்மாதான் எழுதுகிறேன். தமிழில் இத்தனை தாளா என்று பெருமூச்சு விடாதே. உனக்கு வாசிக்கத் தெரியும். சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, நீ அழ, நான் கத்த, எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. மெதுவாகவே வாசி, அவசரமில்லை. மதுராவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்காதே. எனக்கு மருமகளாக வரப்போகிறவள் யாழ்ப்பாணத்துப் பெண், கடகடவென்று வாசித்துவிடுவாள், தெரியும். ஆனால் இதை முதலில் நீ வாசிக்க வேண்டும். அப்புறம் அவளிடம் கொடு, மறைக்க வேண்டாம். இந்த வீட்டில் மறைத்து வைத்ததெல்லாம் போதும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நம் மேசையில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன் கல்யாணத்தன்று நம் சொந்த ஊர் கிள்ளானில் இருக்கும் அநாதை இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கலாம், உங்கள் இரண்டு பேர் போட்டோவையும் அனுப்பினால் சாப்பாட்டு அறையில் மாட்டுவார்கள், பிள்ளைகள் உங்கள் பேரைச் சொல்லி ஜெபித்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்றேன். நம் சபையில் எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "ஏழைகள் என்ன, நீங்கள் மோட்சத்துக்கு ஏறிப்போகிற பஸ்ஸா அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய். போட்டோவும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம் என்றாய். அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சல். "பெத்து, வளர்த்து, படிக்க வச்சா, இவன் எனக்கு வேதம் சொல்லிக் குடுக்க வந்துட்டான்" என்று கத்திவிட்டு எழுந்துபோய், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன். நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது, ஐயா.

இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம். அன்று பாஸ்டர் கூப்பிட்டதும் நானும் அப்பாவும் முன்னால் வந்து, முழங்காலில் நிற்கும் உங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஜெபிக்க வேண்டும். பெற்றவர்களுக்கென்று இருக்கும் ஒரே காரியம் அதுதான். என் கையை உன் தலையில் வைப்பதற்கு முன்னால், அது என்ன செய்த கை என்று உனக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, அப்பா மட்டும் ஜெபிக்கட்டும், அம்மா வேண்டாம் என்று நீ சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அழுவேன், அது வேறு.

அலமாரிக்குக் கீழே இருக்கும் பச்சை மூடி டப்பாவை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவேன். கைப்பிடி அரிசி. வாரக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோனால் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தால், நான் சாப்பிடாத பங்கும் அந்த டப்பாவுக்குத்தான். "நீ பட்டினி கிடந்தா வீடே பட்டினி. அன்னிக்கு எவன் உன்கிட்ட வாயைக் குடுப்பான்" என்பார் அப்பா. முதல் சில நூற்றாண்டுகளில் இருந்த கிறிஸ்தவர்களும் இப்படித்தான் உபவாச நாளில் மிச்சமான சாப்பாட்டை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் கொடுத்தார்களாம். ஞானஸ்நானத்தில் பழைய பாவம் கழுவப்பட்டுவிடும், சரி. அதற்குப் பிறகு செய்கிற பாவத்துக்கு என்ன வழி? தானதர்மம் அதைக் கழுவும் என்று அவர்களில் பல பேர் நம்பினார்கள். இருக்கிறவன் அப்பம் கொடுக்கிறான், இல்லாதவன் அவனுக்காக ஜெபிக்கிறான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கரைசேர்க்கிறார்கள். இரட்சிப்பு கிருபையால்தான், நம் கிரியையால் இல்லை என்று ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு பிரசங்கத்தில் இதைக் கேட்டதும் அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது தேவைப்பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும்போது நான் விரி தொழிற்பேட்டையில், இறால், டின் சாமான் எல்லாம் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு வேர்ஹவுஸில் டீம் லீடராக இருந்தேன். அங்கேதான் ரஞ்சி வந்து சேர்ந்தாள். உனக்கு ரஞ்சி ஆன்ட்டி. யாழ்ப்பாணம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், பக்கத்து மனுரேவாவில் ஒருத்தர் வீட்டுக் கார் கராஜில் குடியிருந்தார்கள். ஏஜென்சி மூலம் வந்தவள், காலையில் போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சத்தமே இருக்காது, ஆனால் வேலையில் அவ்வளவு சுத்தம். பெட்டிகளில் அவள் ஒட்டுகிற லேபிள் துளி கோணாது. "இவ்வளவு நேரா ஒட்டி என்ன, இறாலுக்குக் கல்யாணமா?" என்று கிண்டல் பண்ணுவேன். "கோணலா இருந்தா எனக்கு மனம் கேக்காது அக்கா" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மூன்றாம் வரிசையில் உறைந்த இறால் பெட்டிகள், ஐந்தாம் வரிசையில் டின் சாமான்கள். இரண்டுக்கும் இரண்டு கட்டு லேபிள். லேபிளில் கோடும் எண்ணும்தான், பார்த்தால் எது எதற்கென்று தெரியாது. டீம் லீடர்தான் எந்த வரிசைக்கு எந்த எண் என்று சீட்டில் குறித்து, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் போனில் இருந்தேன். யாரோடு தெரியுமா? சபையில் அறுப்பின் பண்டிகை வருகிறது, ஏலம் விடப் பூசணிக்காய் யார் கொண்டுவருவது, கறிவேப்பிலைச் செடி யார் கொண்டுவருவது என்று பேச்சு. அந்த ஏலத்தில் வருவதெல்லாம் ஏழைகளுக்குத்தானே. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கட்டையும் ரஞ்சி கையில் கொடுத்து, "இது மூணு, இது அஞ்சு" என்றேன். மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் நான் சொன்னபடியே நேராக, அழகாக ஒட்டினாள்.

இறால் முழுவதும் குளிர் இல்லாத கிடங்குக்குப் போய், திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்து நாறிவிட்டது. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். யார் ஒட்டியது என்று கேட்டார். ரஞ்சி என்றேன். உண்மைதானே. பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான் சரியாத்தானே சொன்னேன் ரஞ்சி?" என்று கேட்டேன். சத்தியமாக அப்போது நான் சரியாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம் அக்கா. நான்தான் கை மாறி எடுத்திட்டன் போல" என்றாள். மறுநாளிலிருந்து ஏஜென்சியிலிருந்து அவளுக்குப் போன் வரவில்லை.

அந்த வாரம் துணி துவைக்கும்போது என் வேலைச் சட்டைப் பையில் வெள்ளிக்கிழமைச் சீட்டு இருந்தது. என் கையெழுத்து. மூன்றுக்கு நேரே டின் சாமான் எண், ஐந்துக்கு நேரே இறால் எண். எழுதும்போதே மாற்றி எழுதியிருக்கிறேன். வாஷிங் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். டீம் லீடர் வேலை போயிருக்கும், வேறென்ன? அப்பாவுக்கு அப்போது முதுகு வலி, பாதி நாள் வீட்டில். மார்ட்கேஜ் இருந்தது, நீ யுனிவர்சிட்டி போக வேண்டும். காரணம் சொல்ல உட்கார்ந்தால் விடியும்வரை சொல்வேன், என் வாய் உனக்குத் தெரியுமே. சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மேனேஜர் முன்னால் சொன்னது அறியாமல் சொன்னது. அந்தச் சீட்டைக் கிழித்தது அறிந்து செய்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சபை ஹாலில் நான் அரிசியும் பருப்பும் பொட்டலம் போட்டுக்கொண்டிருக்கிறேன், வாசலில் ரஞ்சி நிற்கிறாள். கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் திருநீறு. சபைப் படி ஏறி வந்து கைநீட்ட எவ்வளவு கூசியிருப்பாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் இல்லை, ஐயா. நிம்மதி. கர்த்தரே இவளை என்னிடம் அனுப்பிவிட்டார், இனி கொடுத்துக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நிம்மதி. அவளுக்கென்று சிவப்பரிசி தேடி வாங்கினேன். தேங்காய்ப்பால், மீன் டின், பிள்ளைகளுக்கு பிஸ்கட், எல்லாம் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூட. "வேண்டாம் அக்கா, மற்ற ஆக்களுக்கும் வேணுமெல்லோ" என்பாள். நான் விடமாட்டேன். "உங்களுக்குக் கடவுள் ஒரு குறையும் வைக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். இன்னும் கேள். உன் பரீட்சை நேரத்தில், "எங்க ரூபனுக்காக வேண்டிக்க ரஞ்சி" என்று அவளிடமே கேட்டேன். அவள் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்து, திருநீறு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சபைக்காரர்கள் பார்த்துவிடுவார்களே என்று அதை என் பர்ஸுக்குள் ஒளித்துவைத்தேன். யாருடைய வேலையை என் வாய் பறித்ததோ அவளையே என் மகனுக்காக வேண்டவைத்த ஜென்மம் நான். 

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்து, பாப்பக்குராவுக்குக் குடிபோனாள். சபைக்கு வருவது நின்றது. பொங்கலுக்கு ஒரு மெசேஜ், கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். நான் டப்பாவில் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கூடவே போட்டேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பாஸ்டர் புதன்கிழமைதோறும் ஆதிச்சபையைப் பற்றி வகுப்பு எடுத்தார். எல்லாம் தெரியும் என்ற திமிரில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ மேசையில் பஸ் கதை சொன்ன அதே வாரம் அவர் விதவைகளைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்து விசுவாசிகள் விதவைகளைத் தேவனுடைய பலிபீடம் என்றே சொன்னார்களாம். பலிபீடத்தில் கண்டதை வைக்க முடியுமா? அதனால் வேலைக்காரரை வஞ்சித்தவன், எளியவரை ஒடுக்கினவன் கொண்டுவரும் காணிக்கையை வாங்கி விதவைகளுக்குச் சாப்பாடு போடாதே, பசித்தாலும் பரவாயில்லை என்று சபையை நடத்தின கண்காணிகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்களாம். தானம் பாவத்தைக் கழுவும் என்று நம்பிய அதே ஜனங்கள்தான் இதையும் சொன்னார்கள். கையைத் தூக்கி, "பாஸ்டர், அப்ப அந்த ஆளு என்னதான் செய்யணும்?" என்று கேட்டேன். அவருக்கு என்ன தெரியும், சிரித்துக்கொண்டே, "மொதல்ல போய் அந்த மனுஷங்ககிட்ட சரி பண்ணிட்டு வரணும்க்கா. மத்ததெல்லாம் அப்பறம்தான்" என்றார்.

அந்த ஆதிக்காலத்து ஜனங்களை நீ லேசாக நினைக்காதே, ரூபன். அவர்கள் ஏழையைப் பஸ்ஸாக நினைக்கவில்லை. அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சேர முடியாது என்று பயந்தார்கள், அந்தப் பயம் நல்ல பயம். பஸ்ஸாக்கினது நான்தான். அதனால் கொடுப்பதை நீ நிறுத்திவிடாதே. நகரத்தில் உன் ஆபீஸ் வாசலில் படுத்திருக்கிறவரைத் தாண்டிப் போகும்போது, அம்மா செய்தது வேஷம், ஆகவே நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று கெட்டிக்காரத்தனம் பேசாதே. பசிக்கிறவனுக்கு உன் நியாயம் வேண்டாம், சாப்பாடு வேண்டும். கொடு. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடு. போட்டோ வேண்டாம் என்று நீ சொன்னது சரி. சாப்பாடு வேண்டாம் என்று சொன்னது சரியில்லை, அதை நான் இப்போதும் சொல்வேன். ஆனால் வாயால் சொல்ல வேண்டியதற்குப் பதிலாக எதையும் கொடுக்காதே. நாளைக்கு மதுராவோடு சண்டை வரும், வராமல் இருக்குமா? தப்பு உன்னுடையது என்று உள்ளுக்குள் தெரியும். அப்போது பூ வாங்கிக்கொண்டு போய் நிற்காதே. முதலில் வாயைத் திறந்து சொல். நான் உன் அப்பாவோடு சண்டை போட்ட மறுநாளெல்லாம் ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தேனே தவிர, தப்பு என்னுடையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மனுஷனும் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

புதன்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு டீவியை அணைத்தார். "என்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்ட போய்ச் சொல்லு லா" என்றார். சனிக்கிழமை புறப்பட்டோம். நான் ஒரு பை நிறைய சிவப்பரிசி, முறுக்கு, கேக் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். கார் கதவைத் திறந்தவர் பையை என் கையிலிருந்து வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "வெறுங்கையோட போ" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படி அதட்டியதில்லை. பாப்பக்குரா போகும்வரை கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ரஞ்சி தனியாகத்தான் இருந்தாள். தலை நரைத்திருக்கிறது. மூத்தவள் இப்போது நர்ஸ், டியூட்டிக்குப் போயிருந்தாள். "என்ன அக்கா, சொல்லாமல் கொள்ளாமல்? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று எழுந்தாள். வேண்டாம், உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அந்த வெள்ளிக்கிழமையை, போனை, இரண்டு கட்டு லேபிளை, சட்டைப் பையில் இருந்த சீட்டை, அதைக் கிழித்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், எழுந்து போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேலை போனதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அரிசியைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப, நான் பிழை விடேல்லையோ அக்கா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் ஒட்டினனானோ?"

"ஆமா ரஞ்சி. நான் சொன்னபடிதான் ஒட்டினே. தப்பு என்னோடது."

சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "என்ரை மண்டைதான் பிழை எண்டு நினைச்சனான். அவர் செத்தாப்பிறகு எனக்கு மூளை குழம்பிப்போச்சு, கை ஒண்டு நினைக்க மண்டை ஒண்டு நினைக்குது எண்டு. ஆஸ்பத்திரியில சூப்பவைசரா வா எண்டு ரெண்டு தரம் கேட்டவங்கள். நான் மாட்டன் எண்டிட்டன், என்னை நம்பி ஒரு பொறுப்பும் தரவேண்டாம் எண்டு. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தா மருந்துகூட நான் ஊத்திக் குடுக்கிறேல்லை அக்கா. மூத்தவளுக்கு அப்ப பத்து வயசு, அவளை எழுப்பித்தான் குடுக்கச் சொல்லுவன். நான் மாறிக் குடுத்திடுவன் எண்டு பயம்."

ரூபன், நான் அவளிடமிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்குத்தான் அரிசி கொடுத்தேன். அவள் கையில் இருந்த நம்பிக்கையை எடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்காமல் எப்படித் தெரியும்? காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேண்டாம்" என்று காலை இழுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நீங்கள் போங்கோ அக்கா. நான் கொஞ்சம் தனிய இருக்கோணும்" என்றாள். உன் கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். வார் மாட்டவில்லை. உள்ளே அவள் மூத்த மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். கதவு மெல்லிய கதவு.

"பிள்ளை, வேலையோ? ஒரு நிமிசம் கேள். அண்டைக்கு வேர்ஹவுஸில நடந்தது, ஞாபகம் இருக்கோ? அது நானில்லையாம். ஓம். அம்மா சரியாத்தான் செய்தனானாம். நானில்லையாம், பிள்ளை."

உன் அம்மா